எதிர் பிளாக்கிலிருந்து வந்த வெயில்

1. லைட் இல்லாத படம்

"இந்தப் படத்துல லைட்டே கிடையாது அங்கிள்," என்றார் ஒளிப்பதிவாளர் விக்ரம்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் லைட்மேன். படப்பிடிப்புக்கு விளக்கு வைப்பது என் தொழில். டிவி நாடகம், விளம்பரம், கும்பாபிஷேகப் பதிவு, எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய டீ வாங்கிக் கொடுத்து, லைட் கிடையாது என்கிறார்.

"அப்ப நான் எதுக்கு சார்?"

"நேச்சுரல் லைட் அங்கிள். அதுக்குத்தான் நீங்க வேணும்."

பக்கத்தில் டைரக்டர் அல்வின் தலையாட்டினார். தோ பாயோவில் பிறந்து வளர்ந்த பையன். முதல் படம். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை மகன் கவனித்துக்கொள்ளும் கதை. அழுகை வராமல் அழவைக்கும் படம் என்று சொன்னார். எனக்குப் புரியவில்லை. தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். லைட் உள்ள படத்துக்கு ஒரு லாரி போதும். லைட் இல்லாத படத்துக்கு இரண்டு லாரி வேண்டும். வெயிலைத் திருப்பக் கண்ணாடி. திரும்பிய வெயிலை மென்மையாக்க வெள்ளைத் துணி. மென்மையான வெயில் போதவில்லை என்றால் தெர்மகோல் பலகை. அதிகமாகிவிட்டால் கறுப்புத் துணி. எல்லாவற்றையும் பிடிக்க ஸ்டாண்ட். ஸ்டாண்ட் சாயாமல் இருக்க மணல் மூட்டை. கடைசியில் படத்தைப் பார்க்கிறவன், யாரும் எதையும் செய்யவில்லை என்று நினைக்க வேண்டும். அதுதான் நேச்சுரல் லைட்.

சிங்கப்பூர் வெயிலை நம்பவும் முடியாது. மத்தியானம் உச்சந்தலையில் நிற்கும், நடிகர்களின் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி தெரியும். மூன்று மணிக்கு மழை வரும். சாயங்காலம் பொன் வெளிச்சம் என்று வெளிநாட்டில் படித்தவர்கள் சொல்வது இங்கே வரும், வந்ததும் போய்விடும். பாத்ரூம் போய்விட்டு வந்தால் இருட்டியிருக்கும்.

விக்ரமுக்கு இதெல்லாம் தெரியும். அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெளிச்சத்தை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர். மற்றதைப் பார்ப்பதில் கொஞ்சம் குறை.

2. ரெஜினா வீடு

படப்பிடிப்பு அல்வினின் சின்னம்மா ரெஜினா வீட்டில். தோ பாயோவில் ஒரு பழைய பிளாக், எட்டாவது மாடி. அல்வினுடைய அம்மாவின் தங்கை. அக்கா மகன் கேட்டதால் மறுக்கவில்லை.

இடம் பார்க்கப் போன அன்றுதான் அந்த வீட்டுக் கதை தெரிந்தது. ரெஜினாவின் கணவர் ஜோசப்புக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் அசையாது, பேச்சு வராது. ரெஜினா ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை, காலையில் போனால் நாலரைக்குத்தான் வீடு. நடுவில் ஜோசப்பைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுச் சீன அம்மா, மேடம் டான். சாவி அவரிடமே இருக்கும். மத்தியானம் கதவைத் திறந்து வருவார். கஞ்சி ஊட்டுவார், துடைத்துவிடுவார், புரட்டிப் படுக்க வைப்பார், போய்விடுவார். அந்தச் சாவி இருப்பதால்தான் ரெஜினா வேலைக்குப் போகிறார். அந்த வேலையில்தான் அந்த வீடு ஓடுகிறது.

பக்கவாதம் வந்தவரைக் கவனிக்கும் படத்தை, பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீட்டில் எடுக்கிறோம். நல்ல பொருத்தம் என்று நினைத்தேன்.

முதல் நாளே சவுண்டு பார்ப்பவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "யாரோ இருமுறாங்க."

ஜோசப் இருமினார். அறைக்கதவைச் சாத்திப் பார்த்தோம். அப்போதும் கேட்டது.

அல்வின் ரெஜினாவிடம் போனார். "சின்னம்மா, சித்தப்பாவ மத்தியானத்துல மட்டும் மேடம் டான் வீட்டுல வச்சுக்க முடியுமா? சீன் ரொம்ப சைலண்டான சீன்."

"கேட்டுப் பாக்குறேன்."

மேடம் டான் சரி என்றுவிட்டார். நிஜ நோயாளி சக்கர நாற்காலியில் பக்கத்து வீட்டுக்குப் போனார். நோயாளியாக நடிப்பவர் வந்து உட்கார்ந்தார். நல்ல சாப்பாட்டுப் பிரியர். ஒத்திகையிலேயே மூன்று கிண்ணம் கஞ்சி முடித்துவிட்டு, நான்காவதற்கு மிளகாய்ச் சம்பால் இருக்கிறதா என்று கேட்டார்.

3. கண்ணாடி

அந்தச் சீன் சமையலறையில். அப்பாவைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து மகன் கஞ்சி ஊட்டுகிறான். சாயங்கால வெயில் அப்பா கன்னத்தில் விழ வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சமையலறைச் சன்னல் கிழக்கே பார்த்தது. சாயங்கால வெயில் அந்தச் சன்னலுக்கு வீடு கட்டிய நாளிலிருந்து வந்ததில்லை.

"காலையில எடுத்துக்கலாமே சார்," என்றேன்.

"காலை வெயில் வேற ஃபீல் அங்கிள். இது ஒரு வாழ்க்கை முடியிற நேரம்."

"அப்ப சன்னலுக்கு வெளிய ஒரு பெரிய லைட்டு..."

"எட்டாவது மாடிக்கு வெளிய எங்க வப்பீங்க? அதோட லைட் கிடையாதுன்னு சொன்னேன்ல."

எதிரே முப்பது மீட்டரில் இன்னொரு பிளாக். அதன் நடைபாதை மேற்கே பார்த்தது. மத்தியானத்துக்குப் பிறகு நல்ல வெயில் அடிக்கும். அங்கே கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பி எங்கள் சன்னலுக்கு அனுப்பலாம் என்றார் விக்ரம். லைட் இல்லை, வெறும் சூரியன். நல்ல யோசனைதான். எனக்கும் பிடித்திருந்தது.

அனுமதிக் கடிதம் எல்லாம் இருந்தது. என்னோடு வேலை செய்யும் ரஹ்மான், ஆள் உயரக் கண்ணாடி இரண்டைத் தூக்கிக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் போனார். நான் சமையலறையில், கையில் வாக்கி டாக்கி.

"அண்ணே, லெஃப்டா ரைட்டா?"

"உங்க லெஃப்ட்."

"இப்ப?"

"அது ஏழாவது மாடி. யாரோ ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறாரு. மேல தூக்குங்க."

கண்ணாடி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடியை ஒரு நூல் திருப்பினால் இங்கே வெளிச்சம் ஒரு கதவு அகலம் நகரும். சூரியனும் சும்மா நிற்காது. அது இறங்க இறங்க எங்கள் பிளாக்கின் நிழல் எதிர் பிளாக்கில் மாடி மாடியாக மேலே ஏறும். நிழல் வந்ததும் ரஹ்மான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஓட வேண்டும். அங்கிருந்து மறுபடி எங்கள் சன்னலைத் தேட வேண்டும். தேடும்போது வெளிச்சம் பக்கத்துச் சன்னலில் எல்லாம் போய்விட்டுத்தான் வரும்.

பக்கத்துச் சன்னல் மேடம் டானுடையது.

வெளிச்சம் சரியாக விழுந்தபோது அழகாகத்தான் இருந்தது. கஞ்சிக் கிண்ணத்தின் ஆவி பொன்னாகத் தெரிந்தது. விக்ரம் மூச்சுவிடாமல் நின்றார். அல்வினுக்குக் கண் கலங்கியது. அப்பாவாக நடித்தவர் நாலாவது கிண்ணத்தில் இருந்தார்.

"கட்," என்றார் அல்வின். "இன்னும் ரெண்டு ஷாட். நாளைக்கு எடுத்துடலாம்."

அப்போது வாசலில் ரெஜினாவின் குரல் கேட்டது. வேலை முடிந்து வந்திருக்கிறார். சத்தம் போடவில்லை. "ஏங்க," என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே நடைபாதையில் ஜோசப் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் மடியில், மேடம் டானிடம் இருந்த அந்தச் சாவி. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

4. யார் அனுப்பிய வெயில்

சீனர்கள் வீட்டை நோக்கி யாரும் கண்ணாடியைத் திருப்பக் கூடாது. உன் வீட்டுக் கெடுதலை என் வீட்டுக்கு அனுப்புகிறாய் என்று அர்த்தம். நாங்கள் எல்லாரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். கெடுதலைத் திருப்பி அனுப்ப எத்தனையோ வாசலில் எட்டுப் பக்கக் கண்ணாடி தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். எங்களில் ஒருவருக்கும் அந்தச் சமயத்தில் அது தோன்றவில்லை. எங்களுக்கு அது பவுன்ஸ், திருப்பிவிட்ட வெளிச்சம், அவ்வளவுதான்.

மேடம் டான் சமையலறையில் அடுப்பு சாமி படம் இருக்கிறது. ஜோசப்பை அங்கேயே பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எதிர் பிளாக்கிலிருந்து வெளிச்சம் வந்து சாமி படத்தில் விழுந்திருக்கிறது. போயிருக்கிறது. மறுபடி வந்திருக்கிறது. மருமகள் வேறு மாசமாக இருக்கிறாள்.

அல்வின் ஒரு கேக் பெட்டி வாங்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். மேடம் டான் இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நின்றார். பாதி மலாய், பாதி ஆங்கிலம் பேசினார். தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, அது கண்ணாடி மட்டும்தான். வெறும் வெயில்," என்றார் அல்வின்.

"வெயிலா? என் கிச்சனுக்குக் காலையில வெயில் வரும். முப்பது வருஷமா பாக்குறேன். சாயங்காலம் அந்தப் பக்கத்துலேருந்து வெயில் வந்தா, அது யாரு அனுப்பினது லா?"

அல்வின் கேக் பெட்டியைக் கம்பிப் பக்கம் நீட்டினார்.

"உங்க சித்தப்பாவ நான் பாத்துக்கிட்டேன், நீங்க சினிமா எடுக்க. நீங்க என் சாமி மேல லைட் அடிக்கிறீங்க."

"லைட் இல்ல ஆன்ட்டி, நேச்சுரல்..."

"கேக்க எடுத்துட்டுப் போ."

கேக்கை நாங்களே சாப்பிட்டோம்.

மறுநாள் மேடம் டான் சமையலறைச் சன்னலில் எட்டுப் பக்கக் கண்ணாடி ஒன்று தொங்கியது, எதிர் பிளாக்கைப் பார்த்து. எதிர் பிளாக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் இது தெரியும். எந்தச் சண்டை, யாருக்கும் யாருக்கும் என்று யாரும் விசாரிக்கவில்லை. பத்தாவது மாடியில் ஒருவர் பதிலுக்கு ஒன்று மாட்டினார். அவருக்கு மேல் வீட்டிலும் ஒன்று. பன்னிரண்டில் ஒருவர் இரண்டாக மாட்டினார்.

ரஹ்மான் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். "அண்ணே, இங்க எல்லாரும் என்னைய முறைக்கிறாங்க. ஒரு பாட்டி துடைப்பத்த வச்சுக்கிட்டு நிக்கிது."

"இறங்கி வந்துடுங்க."

"கண்ணாடி?"

"அதையும்தான்."

விக்ரம் விடவில்லை. அதற்கடுத்த நாள், வெள்ளைத் துணி போதும், வானத்து வெளிச்சத்திலேயே எடுக்கலாம் என்று கேமராவை வைத்தார். அஞ்சரை மணி இருக்கும். ஷாட் நடுவில் அப்பாவாக நடித்தவரின் நெற்றியில் காசு அளவுக்கு ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. விபூதிப் பொட்டு மாதிரி. அப்புறம் மூக்கில் ஒன்று. பன்னிரண்டாவது மாடிக்காரர் இரண்டு மாட்டியிருந்தாரே.

"யார் லைட் அது? ஆஃப் பண்ணுங்க," என்று கத்தினார் விக்ரம்.

"நேச்சுரல் லைட் சார்," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

5. மத்தியானக் கஞ்சி

இதற்குள் ரெஜினா இரண்டு நாள் லீவு எடுத்திருந்தார். சாவி டிவி மேல் கிடந்தது. மூன்றாவது நாள் லீவு கேட்டதற்கு, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்றாராம் அங்கே இருக்கும் சூப்பர்வைசர்.

சாயங்காலம் நாங்கள் சாமான் கட்டும்போது ரெஜினா அல்வினைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போறேன். பன்னெண்டு மணிக்கு உங்க சித்தப்பாவுக்கு நீ ஊட்டு."

"சின்னம்மா, நாளைக்கு லாஸ்ட் டே. ரெண்டு ஷாட் பாக்கி."

"ரெண்டு ஷாட்டுலயும் பையன் என்ன பண்றான்?"

"அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுறான்."

"ஊட்டுறான்ல? அதயே இந்த ரூம்ல வந்து பண்ணு. டயாபர் ஷெல்ஃபுல இருக்கு."

சொல்லிவிட்டு ரெஜினா சமையலறைக்குப் போய் எங்கள் ஆட்கள் போட்டுவைத்திருந்த கிண்ணங்களைக் கழுவினார்.

மறுநாள் பன்னிரண்டுக்கு அல்வின் அறைக்குள் போனார். நான் கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நின்றேன். மழை கட்டியிருந்தது. வீடு முழுக்க ஒரே சாம்பல் வெளிச்சம்.

கதவு திறந்திருந்தது. தலையணைமேல் சாய்ந்தபடி கிடந்த ஜோசப்புக்கு அல்வின் அப்படியே ஊட்டினார். அவர் எடுத்த படத்திலும் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அப்பாவுக்கு மகன் அப்படித்தான் ஊட்டுவான். முதல் கரண்டி போனது. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. துடைக்கத் துணி தேடினார், கிடைக்கவில்லை, சட்டையால் துடைத்தார். மூன்றாவது கரண்டிக்கு ஜோசப் இருமினார்.

நிற்கவில்லை. முகம் சிவந்தது. ஒரு கை மட்டும் படுக்கையைப் பிடித்து இழுத்தது.

"சித்தப்பா? சித்தப்பா, தண்ணி வேணுமா?"

என் பக்கத்தில் விக்ரம் வந்து நின்றார். அவரும் உள்ளே பார்த்தார். அவர் பார்த்தது வேறு.

"அல்வின், அசையாத ப்ரோ. அப்படியே இரு. இந்த லைட்... இதுதான் ப்ரோ நான் கேட்டது."

கேமரா அவர் தோளுக்கு ஏறிவிட்டது.

நான் தோளில் இருந்த கறுப்புத் துணியை எடுத்து லென்ஸ் மேல் போட்டேன்.

"அங்கிள்!"

"வெளிச்சம் அதிகம் சார்," என்றேன்.

அவரைத் தாண்டி நான் அறைக்குள் போவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மேடம் டான். பழைய வீடு, சுவர் மெல்லியது. சவுண்டு பார்ப்பவர் காதுக்கே கேட்ட இருமல் அவருக்குக் கேட்காதா? என்னையும் தள்ளினார், விக்ரமையும் தள்ளினார்.

"தலையத் தூக்கு! படுக்கப் போட்டா ஊட்டுவாங்க? முட்டாள்!"

ஜோசப்பின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து ஒரே தூக்காக நிமிர்த்தினார். முன்னால் சாய்த்தார். முதுகில் தட்டினார். வாயில் விரலைவிட்டுக் கஞ்சியை வழித்து எடுத்தார். ஜோசப்புக்கு மூச்சு வந்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

அல்வின் கரண்டியோடு நின்றார்.

மேடம் டான் கரண்டியைப் பிடுங்கினார். ஜோசப்பின் இருபுறமும் தலையணை வைத்து, முகவாயைக் கீழே அழுத்தி, கரண்டியில் பாதி மட்டும் எடுத்தார். ஒரு வாய். விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அடுத்த வாய். கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆனது. மழை பெய்தது.

எழுந்ததும் அல்வினைப் பார்த்தார்.

"நாளைக்கு நீ வராத. ஆளக் கொன்னுடுவ."

"சாரி ஆன்ட்டி."

"என்ன சாரி. அந்தக் கண்ணாடி?"

"எல்லாம் லாரியில ஏத்தியாச்சு மேடம்," என்றேன்.

"நல்லது. என் கண்ணாடிய நான் கழட்ட மாட்டேன்."

"வேண்டாம் மேடம்."

போகிற வழியில் டிவி மேல் இருந்த சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எங்களை மன்னித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு நாங்கள் ஊட்டிய லட்சணம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய அங்கே வேறு ஆள் இல்லை.

6. கேள்வி நேரம்

மீதி இரண்டு ஷாட்டையும் அன்று மத்தியானமே மழை வெளிச்சத்தில் எடுத்தோம். கண்ணாடி இல்லை, பலகை இல்லை. அல்வின் மகனாக நடித்தவரிடம், அப்பாவை நிமிர்த்தி உட்காரவை, பாதிக் கரண்டி எடு என்றார். பொறுமையாக எடு என்றார். அப்பாவாக நடித்தவர் இரண்டே வாய்தான் சாப்பிட்டார். அவருக்கு அன்று பசியில்லை.

பொன் வெயிலில் எடுத்த ஷாட்டும் சாம்பல் வெளிச்சத்தில் எடுத்த ஷாட்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அல்வின் பொன் வெயிலை வெட்டிப் போட்டுவிட்டார். விக்ரம் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

படம் முடிந்து முதல் காட்சி போட்டார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். ரெஜினாவும் வந்திருந்தார். படம் முடிந்து கேள்வி நேரம். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து, கஞ்சி ஊட்டும் காட்சியில் அந்தத் துணிச்சலான ஒளிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்.

விக்ரம் மைக்கை வாங்கினார். "நாங்க வெளிச்சத்தக் கட்டுப்படுத்தல. வெளிச்சம் எங்களுக்கு என்ன குடுத்துச்சோ, அத வாங்கிக்கிட்டோம்."

கைதட்டினார்கள். ரெஜினா என் பக்கம் திரும்பி, "இவரு என்னண்ணே சொல்றாரு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இப்போதும் லைட் இல்லாத படம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு லாரி எடுத்துக்கொண்டு போகிறேன். நல்ல வேலைதான், செய்யுங்கள். கண்ணாடியும் வையுங்கள். ஆனால் வெளிச்சம் முகத்தில் சரியாக விழுந்ததும் மானிட்டரிலேயே நிற்காதீர்கள். மிச்ச வெளிச்சம் எங்கேயாவது போய் விழுந்திருக்கும். கண்ணாடியை மூடிவிட்டு, அது விழுந்த வீட்டு மணியை அடியுங்கள். கதவைத் திறந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி வரைக்கும் போய்ப் பாருங்கள்.